திங்க – 1

திங்கட்கிழமையில் இருக்கிற 'கிழமை'யை எழுதாமல் விட்டது அவன்தான். பழியைப் பங்கு போட ஆள் தேடினால் கிடைக்கமாட்டார்கள். பேனா அவனுடையது, கையெழுத்து அவனுடையது, மாத்திரை அட்டையில் ஒட்டுகிற துண்டுக் காகிதத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிக்கனமாக வெட்டி வைத்ததும் அவன்தான். அந்த அகலத்தில் 'திங்கட்கிழமை மட்டும் ஒன்று' என்று எழுதினால் பாதி எழுத்து மேசைமேல் போய் விழும். அதனால் 'திங்க – 1' என்று எழுதி ஒட்டினான். பேச்சில் யார்தான் கிழமையை முழுசாகச் சொல்கிறார்கள்? 'திங்க வர்றேன்', 'திங்க லீவு' என்றுதானே சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். நர்ஸிங் படித்தவன். வெளிநோயாளிப் பிரிவின் கோடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மருந்து வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு எதை எப்போது எப்படிப் போட்டுக்கொள்வது என்று சொல்லி அனுப்புவது அவன் வேலை. படைக்கிறபோது கடவுள் மற்றதையெல்லாம் அளந்து வைத்துவிட்டு, வாயை மட்டும் கை தவறிக் கொட்டிவிட்டார் என்று அவனே சொல்லிக்கொள்வான். அதற்கும் நாலு பேர் சிரித்தால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

அன்று காலையிலிருந்து மழை. வரிசை வாசல் வரைக்கும் நின்றது. குடைகளெல்லாம் சுவரோரம் சாய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தன. வழுக்காமலிருக்க விரித்த சாக்கு ஊறி, ஈரநாய் நாற்றம் அடித்தது. நனைந்த ஜனங்கள் எரிச்சலில் நின்றார்கள். எரிச்சலான கூட்டத்தைக் கண்டால் ரேடியோவுக்குக் கை பரபரக்கும்.

அப்போது வந்தவர்கள்தான் தையல்காரம்மாவும் அவள் வீட்டுக்காரர் டிரைவரும். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அந்த அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கி, கத்தரிக்கோலுக்குள் கட்டைவிரல் நுழைவது நின்று போயிருந்தது. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதியிருந்தார். மஞ்சளாகச் சின்னதாக இருப்பது வாரத்துக்கு ஒன்றே ஒன்று. கூடவே தினம் போட ஒரு சத்து மாத்திரை.

ரேடியோ இரண்டு அட்டையிலும் துண்டு ஒட்டினான். ஒன்றில் 'திங்க – 1'. மற்றதில் 'தினம் – 1'. மஞ்சளைத் தூக்கிப் பிடித்து, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

"அம்மா, இதுக்குப் பேரு திங்க மாத்திரை. திங்க மட்டும்தான் திங்கணும். புரிஞ்சுதா?"

வரிசை சிரித்தது. கட்டுப்போட்ட காலோடு நின்றிருந்த ஒருவர்கூடச் சிரித்தார்.

"புரிஞ்சுது தம்பி," என்றார் டிரைவர். இருவரும் எழுந்து போனார்கள். அடுத்த ஆள் உட்கார்ந்தார்.

பத்தாவது நாள் காலை தையல்காரம்மா சக்கர நாற்காலியில் வந்தாள். வாயைத் துண்டால் மூடியிருந்தாள். மேசையைக் கடந்து அவசரப் பிரிவுக்குப் போகிற வழியில் டிரைவர் ரேடியோவைக் கண்டு, தெரிந்த முகம் கிடைத்த ஆறுதலில் வண்டியை நிறுத்தினார்.

"என்னண்ணே ஆச்சு?"

"வாயெல்லாம் புண்ணு தம்பி. எச்சில் முழுங்க முடியல. முந்தாநாள்லேருந்து காய்ச்சல். மாத்திரைச் சூடா இருக்கும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. ஆறின பாலைக் குடுத்துப் பாத்தேன், அதுவும் எரியுதுங்கிறா."

"மூட்டு மாத்திரை போடுறாங்களா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க. ஒரு நாள் தவறல. ஏழு பத்துக்கு வண்டி எடுக்கணும் நான். ஏழு மணிக்கு என் கையால குடுத்துட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். அவளால அட்டையை அமுக்கி எடுக்க முடியாது பாருங்க, விரல் மடங்காது. நான்தான் எடுத்துக் குடுப்பேன்."

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். பத்துக் குழியில் ஒன்பது காலி.

ரேடியோவின் குரல் எங்கோ இருந்து வந்தது. "தினமுமா குடுத்தீங்க?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க." டிரைவர் துண்டைத் தொட்டுக் காட்டினார். "இது திங்க ஒண்ணு. அது தினம் ஒண்ணு. எனக்கே முதல்ல குழப்பம்தான். மாத்திரையைப் போடச் சொல்வாங்க, முழுங்கச் சொல்வாங்க, யாரும் தின்னச் சொல்லிக் கேட்டதில்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, இதை மென்னு திங்கணும், அதை முழுங்கணும்னு. கசப்பு தாங்காம மூஞ்சியைச் சுளிப்பா. நான் விடமாட்டேன். தம்பி திங்கத்தான் சொன்னாரு, முழுங்கச் சொல்லலடின்னு பக்கத்துலயே நிப்பேன்."

பாராட்டை எதிர்பார்க்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ரேடியோ கை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டான்.

அந்த மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். வேகமாக வளர்கிற உயிரணுக்களைப் பிடித்து நிறுத்துகிற மருந்து. வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் வீங்குகிற மூட்டை அடக்கும். தினம் கொடுத்தால் ஆளையே அடக்கும். வாய்க்குள்ளிருக்கும் மெல்லிய தோல் முதலில் உரியும். அப்புறம் எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுவது நிற்கும். நோயை எதிர்க்கிற வெள்ளை அணு சரசரவென்று இறங்கும். இதெல்லாம் ரேடியோவுக்குத் தலைகீழாகத் தெரியும். மருந்தியல் வகுப்பில் சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்று ஐந்து விரலையும் மடக்கி மெட்டுப் போட்டுப் பாடி முதல் மார்க் வாங்கியவன். ஐந்து விரலும் இப்போது அவன் கையிலேயே இருந்தன. தையல்காரம்மாவின் விரல்தான் மடங்கவில்லை.

தொற்று அண்டாமலிருக்க அவளைத் தனி அறையில் போட்டார்கள். உள்ளே போகிறவர்கள் முகமூடி கட்டிக்கொண்டு, முழங்கை வரை கை கழுவிக்கொண்டு போகவேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்று மருந்து ஊசி. காலையிலும் மாலையிலும் ரத்தம் எடுத்து வெள்ளை அணு எண்ணிக்கை. முதல் நாளைவிட இரண்டாம் நாள் குறைந்தது. இரண்டாம் நாளைவிட மூன்றாம் நாள். "இன்னும் இறங்கும். எங்கே நிக்குதுன்னுதான் பாக்கணும்," என்றார் டாக்டர். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ரேடியோ பெரிய சிஸ்டரிடம் கெஞ்சி அந்த அறை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வாய் கழுவிவிடுவது அவன் பங்கு. ஆறிய தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து, பஞ்சை நனைத்து, ஈறு மேலும் நாக்கு மேலும் ஒற்றி எடுப்பான். தேய்க்கக்கூடாது. தேய்த்தால் தோல் பஞ்சோடு வந்துவிடும். பிறகு ஆற வைத்து வடிகட்டிய கஞ்சி, அரைத் தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டியாக. ஒரு கிண்ணம் உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆகும். அவள் பேசவில்லை. பேச முடியாது. கண்ணை மூடினால் போதும் என்று அர்த்தம், திறந்தால் இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஊசித் தட்டோடு அறைக்கு வந்தபோது, வெளியே பெஞ்சில் டிரைவரின் தங்கை உட்கார்ந்திருப்பது தெரிந்தது. காய்கறி மொத்தக் கடையில் எடை போடுகிறவள். குரலும் அதற்கு ஏற்ற குரல்.

"பூனைகூடப் பாலை மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கும். நீ அந்த அட்டையை மோந்தாவது பாத்தியா?"

"படிச்சுத்தாம்மா குடுத்தேன்."

"படிச்ச லட்சணம்தான் உள்ளே படுத்திருக்கே. மூணாம் நாளே வாய் எரியுதுன்னு அண்ணி சொன்னாளாமே?"

"சொன்னா. மருந்து வேலை செய்யுதுன்னு நினைச்சேன்."

"நினைச்சே. இருபது வருஷமா ஊரான் பிள்ளைங்களை ஒரு கீறல் இல்லாம எறக்கி விட்டே. கட்டினவளை மட்டும் ஏத்தி விடப் பாத்தியே அண்ணா."

டிரைவர் வேன் சாவியைக் கையில் வைத்து, வளையத்தை ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

ரேடியோ நாலடி தூரத்தில் நின்றான். ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அவரில்லக்கா, நான்தான்.' எத்தனையோ வெட்டிப் பேச்சுக்குத் திறந்த வாய், அந்த இரண்டு வார்த்தைக்குப் பூட்டிக்கொண்டது. ஊசிக்கு நேரமாகிறது என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, இருவரையும் தாண்டி அறைக்குள் போய்விட்டான். போகிறபோது டிரைவர் எழுந்து நின்று வழிவிட்டார். அதுதான் சுருக்கென்றது.

சாயங்காலம் பெரிய சிஸ்டர் கூப்பிட்டனுப்பினாள். மேசைமேல் ஒரு படிவம். தவறு நடந்தால் நிரப்பவேண்டிய படிவம். 'காரணம்' என்ற இடத்தில் நாலு கட்டம்.

"முதல் கட்டம், நோயாளி தரப்புக் கவனக்குறைவு," என்றாள் பெரிய சிஸ்டர். "அதுல டிக் போட்டா எல்லாருக்கும் சுலபம். டாக்டர் சீட்டுல வாரம் ஒண்ணுன்னு சரியா எழுதியிருக்காரு. நீயும் திங்கன்னு சொல்லியிருக்கே. அவங்கதான் தப்பாக் குடுத்துட்டாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க சிஸ்டர்?"

"நான் எதுக்குச் சொல்லணும். பேனா உன்கிட்டதானே இருக்கு. அதை உன்கிட்ட குடுத்ததுதான் முதல் தப்புன்னு இப்பத் தோணுது."

அவன் படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மனிதனுக்குத் தன் தப்பை நம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு சப்பைக்கட்டு வேண்டியிருக்கிறது. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் பழைய அட்டையை நீட்டினான்.

"அக்கா, இதைக் கொஞ்சம் படிங்க."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அட்டையைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். "திங்க ஒண்ணு." நிமிர்ந்தாள். "திங்க என்ன ஒண்ணு? பிஸ்கட்டா?"

வாசல் காவலாளியிடம் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, "சாப்பிட ஒண்ணுன்னு போட்டிருக்கு. ஏன் தம்பி, கொஞ்சம் மரியாதையாச் சாப்பிடன்னு எழுதப்படாதா?" என்றார்.

மூன்றாவது ஆளைத் தேடவில்லை. மேசைக்குத் திரும்பி, மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டான். 'செவிலியர்.' அதன் கீழே விவரம் எழுத இரண்டு கோடு இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக இடம் போதவில்லை என்று சுருக்காமல், பின்பக்கம் திருப்பி எழுதினான். வரிசை சிரித்ததையும் எழுதினான்.

மறுநாள் டிரைவரிடம் சொன்னான். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவர் காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, நனைந்த சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். வீட்டில் சமைக்கிற கை உள்ளே படுத்திருந்தது.

"அண்ணே, அந்தத் தப்பு உங்களோடது இல்ல. நான் கிழமைன்னு எழுதாம விட்டேன். வாரத்துக்கு ஒண்ணுன்னும் சொல்லல. பேப்பர்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

டிரைவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

"விடுங்க தம்பி. எல்லாம் நேரம்."

"நேரம் இல்லண்ணே. எழுத்து."

"நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

"கூட்டத்தைச் சிரிக்க வைக்கச் சொன்னேன். என் மேல கோவமே இல்லையா உங்களுக்கு?"

"சேச்சே. நாளைக்கும் நீங்கதானே அவளுக்குக் கஞ்சி ஊத்தணும்."

அது மன்னிப்பா, பயமா என்று ரேடியோவுக்குப் பிடிபடவில்லை. டிரைவர் டப்பாவை மூடினார். பிறகு வலது கையை விரித்து, யாருடையதோ போலப் பார்த்தார்.

"எழுதினது நீங்களாவே இருக்கட்டும். எடுத்துக் குடுத்தது இந்தக் கைதானே. வாய் எரியுதுங்கன்னா. தின்னுடின்னேன். ஒன்பது நாள். இனி மாத்திரைன்னு ஒண்ணு என் கை படாது தம்பி. இப்பவே சொல்லிட்டேன்."

"அப்ப வீட்ல அவங்களுக்கு யாரு குடுப்பாங்க?"

"தெரியல. நான் இல்ல."

ஐந்தாம் நாள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போனது. அன்றைக்கு டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். டிரைவர் சாயங்கால வேன் நடைக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டுக் கதவுக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு நின்றார். ரேடியோ அன்றும் பஞ்சை நனைத்தான், ஒற்றினான், தேக்கரண்டியைப் பிடித்தான். அவள் கண்ணை மூடினாள். கிண்ணம் அப்படியே திரும்பிப் போனது.

ஆறாம் நாள் எண்ணிக்கை நின்றது. ஏழாம் நாள் துளி ஏறியது. மளிகைக் கடைத் தராசு முள் அசைகிற அளவுதான். ஆனாலும் டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரைக்கும் அந்த அறையில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

காய்ச்சல் இறங்கியது. மாத்திரை நிறுத்தியதில் விரல் வீக்கம் மட்டும் திரும்பி வந்துவிட்டது. போர்வையின் விளிம்பை, தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல நெருடுவாள். வலித்ததும் கையை எடுத்துக்கொள்வாள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் கல்யாணத் துணி வெட்டியபடி மேசையில் கிடக்கிறது என்று டிரைவர் சொன்னார். தைக்காமல் திருப்பிக் கொடுத்தால் இனி யாரும் துணி கொடுக்கமாட்டார்கள் என்பது அவள் கவலை என்றும் சொன்னார். அவள் கவலையை அவர் சொல்வார். அவள் கோபத்தையும் அவரே சொல்வார். ரேடியோ ஒவ்வொரு நாளும் வாய் கழுவி முடித்துத் தட்டை எடுக்கிறபோது, "கோவமாம்மா?" என்று கேட்பான். அவள் ஜன்னலைப் பார்ப்பாள். டிரைவர் கதவருகிலிருந்து பதில் சொல்வார். "அவ யார் மேலயும் கோவப்படமாட்டா தம்பி. அந்தக் குணமே கிடையாது."

வெளியே ரேடியோவைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. பேட்டரி போச்சா, ஸ்டேஷனையே மூடிட்டாங்களா என்று லிஃப்ட்காரர் கேட்டார். அவன் சிரித்து வைத்தான். சிரித்து வைப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் கவனித்தான்.

பதினைந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர். மூட்டுக்கு இனி அந்த மாத்திரை வேண்டாம், வேறு ஒன்று, காலையில் ஒன்று இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. பெரிய சிஸ்டர் மருந்துப் பையை ரேடியோவின் கையில் வைத்தாள்.

"வேற யாரையாவது அனுப்புங்க சிஸ்டர். அவங்க என்னை எப்படி நம்புவாங்க?"

"நம்புறாங்களா இல்லையான்னு நீதான் போய்த் தெரிஞ்சுக்கணும். நான் போனா எனக்குத்தான் தெரியும்."

போனான். மழை ஓய்ந்து வெயில் அடித்தது. ஜன்னல் கம்பியின் நிழல் கட்டில்மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. தையல்காரம்மா முதல் முறையாகக் கட்டிலை விட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவியிருந்தாள். தங்கை பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மருந்துப் பையைக் கண்டதும் டிரைவர் எழுந்து ஜன்னலோரம் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ரேடியோ மண்டியிட்டு, அவள் கண் மட்டத்தில் உட்கார்ந்தான். முழுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்ததைக் காட்டினான். காலை, சாப்பிட்ட பிறகு, ஒன்று, தண்ணீரோடு முழுங்க வேண்டும். இரவு, சாப்பிட்ட பிறகு, ஒன்று. ஏழு கிழமையும் முழுப் பெயரோடு வரிசையாக இருந்தது. வாய்ப்புண், காய்ச்சல், பார்வை மங்கல், எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும். மெதுவாகச் சொன்னான்.

"புரிஞ்சுது தம்பி," என்றார் டிரைவர், ஜன்னலைப் பார்த்தபடி.

"அண்ணே, உங்களைக் கேக்கல. அம்மா, வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்கன்னு நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க. நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும்."

அவள் தாளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தபோது குரல் ஆணுடையதுபோலக் கட்டையாக வந்தது. பதினைந்து நாளில் அவளுடைய முதல் பேச்சு.

"அதைச் சொல்றேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லிடறேன். கோவமா கோவமான்னு தினம் கேட்டீங்களே. வாய் புண்ணா இருந்துச்சு. கோவம்தான்."

"ஏய், என்ன பேச்சு இது," என்று டிரைவர் திரும்பினார். "தம்பி, அவ ஏதோ உடம்பு முடியாம..."

"நீங்க சும்மா இருங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. சொன்னதைச் செஞ்சீங்க. கையை முன்னாடி எடுங்க, திருடன் மாதிரி நிக்காதீங்க. நாளைக்குக் காலைல அட்டையை யாரு அமுக்கி எடுக்குறது, உங்க தங்கச்சியா?"

தங்கை துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள். டிரைவரின் கைகள் முன்னால் வந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

தையல்காரம்மா கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கி, மெதுவாக விழுங்கினாள். பிறகு ரேடியோவின் பக்கம் திரும்பினாள்.

"எழுத்தை விட்டதுக்குக் கோவம் இல்ல. ரவிக்கையோட இடது கையை வலது பக்கம் வச்சு நானும் தைச்சிருக்கேன். பிரிச்சுத் தைப்போம். அன்னைக்கு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. மாத்திரையைப் போய் யாராவது திங்கச் சொல்வாங்களான்னு. கேக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள பின்னாடி எல்லாரும் சிரிச்சுட்டாங்க. இப்பக் கேட்டா என்னைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு நானும் சேர்ந்து சிரிச்சேன். எதுக்குச் சிரிக்கிறோம்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க என்னை ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க பாக்கல. எனக்குப் பின்னாடி சிரிச்சவங்களைத்தான் பாத்துட்டு இருந்தீங்க."